கிருமிக்கு ஒரு ஸ்பான்சர்

மின்னஞ்சல் அனுப்பியே ஸ்பான்சர் பிடித்துவிடலாம் என்று எங்கள் அணியில் எல்லோரும் நம்பினார்கள், என்னைத் தவிர. நான் நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பிள்ளையார் சதுர்த்திக்குப் பந்தல் போடுவதாக இருந்தாலும், எங்கள் பிளாக்கில் நேரில் போய் நின்றால்தான் காரியம் நடக்கும்.

பல்கலைக்கழகத்தில் எங்களுடையது மாணவர் போட்டி ஒன்றுக்காகச் சேர்ந்த செயற்கை உயிரியல் அணி. பாக்டீரியாவுக்குள் புதிதாக ஒரு மரபணுத் துண்டைச் சேர்த்து, நமக்கு வேண்டிய வேலையை அதைச் செய்ய வைப்போம். எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மேட்டு மண்ணில் செடிகள் வேர்பிடிக்க உதவும் பாக்டீரியாவை உருவாக்குவது எங்கள் திட்டம். அந்தத் துண்டை வெளியே ஓர் ஆய்வகத்தில் காசு கொடுத்துச் செய்து வாங்க வேண்டும். அந்த மாதத்துக்குள் ஸ்பான்சர் கிடைக்காவிட்டால் போட்டிக்கு முன் சோதனையே கிடையாது. கம்பெனிகள் எல்லாம் ஒரே பதிலைச் சொல்லின: முதலில் முடிவைக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம்.

சுரங்கத்தை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில், ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் சாப்பிடும் ஓட்டலுக்கு என் அணித் தோழியை இழுத்துக்கொண்டு போனேன். கல்லாவில் இருந்த முதலாளியிடம் எங்கள் டி-ஷர்ட்டை விரித்துக் காட்டினேன். நடுவில் பெரிய பாக்டீரியா படம், கீழே ஸ்பான்சர் பெயருக்கு இடம்.

"இது இன்னாம்மா, புழுவா?"

"கிருமிங்க அண்ணே. நல்ல கிருமி."

"சோறு போடற கடைங்க இது. கிருமிய எடுத்துகினு வந்து, அதுக்குக் கீழ என் கடைப் பேரப் போடுவீங்களா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உங்க தயிர் முழுக்கக் கிருமிதாங்க அண்ணே!" என்றேன், ஓட்டல் முழுக்கக் கேட்கிற மாதிரி.

தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்த ஒருவர் கையை எடுத்துவிட்டார். தோழி என் காலை மிதித்தாள். வாயைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டேன். ஆனாலும் பின்வாங்க எனக்குத் தெரியாது. ஒரு கிண்ணம் தயிர் வாங்கி அவர் எதிரிலேயே வழித்துச் சாப்பிட்டேன். பாலைத் தயிராக்குவதே பாக்டீரியாதான், உறை ஊற்றும்போது நாம் ஊற்றுவது அதைத்தான் என்று எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னேன். அந்த மனிதர் மறுபடி பிசைய ஆரம்பித்தார்.

முதலாளி சிரிக்கவில்லை. பேச்சோடு பேச்சாக மேட்டு மண் என்று சொல்லியிருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா கூலிக்கு நட்ட வயலு அந்த மேட்டுக்குக் கீழதான் கெடக்குது. அந்த மண்ணுல நெசமாவே பச்சை புடிக்குமாம்மா?"

பிடிக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்த வேலை முடிந்துவிடும். தோழியின் கண்கள் அதைத்தான் கெஞ்சின. பொய் சொல்லி ஆதரவு வாங்கும் அளவுக்கு எங்கள் வேலை மட்டமானதில்லை என்று எனக்குத் தோன்றியது.

"தெரியாதுங்க அண்ணே. செஞ்சி பாத்தாத்தான் தெரியும். புடிக்கலன்னா அதையும் வந்து சொல்றேன்."

போச்சு என்று தோழி எழுந்துவிட்டாள். முதலாளி டி-ஷர்ட்டைத் தன் பக்கம் இழுத்து, கடையின் பெயர் எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்று விரலால் அளந்து காட்டினார்.

"தெரிஞ்சிருந்தா நீங்க ஏம்மா என்னாண்ட வரப் போறீங்க? கம்பெனிக்காரனே குடுத்திருப்பானே."