மீன்பெட்டியை மூடியிருந்த சீலை

போன ஆடி அமாவாசைக்கு அம்மாவை மோட்டச்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு மானிப்பாயிலையிருந்து கீரிமலைக்குப் போகேக்கை நடந்தது இது. செத்துப்போன அப்பாவுக்கு விரதம் பிடிச்சு, கடலிலை தோய்ஞ்சு, எள்ளுந் தண்ணியும் இறைக்க வருசா வருசம் போறனாங்கள்.

முதல்நாள் பின்னேரம் செயினைக் கழுவினன். செம்மண் ஒழுங்கையிலை ஓடி ஓடி அது ஊத்தை பிடிச்சுக் கிடந்தது. உந்த வேலையிலை நான் பெரிய விண்ணன் எண்டு எனக்கொரு நினைப்பு. எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு செயின் துடைக்கிற விசரரைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். விரல் போனாப் போனதுதானே! நான் எண்டால் எஞ்சினை நிப்பாட்டித் திறப்பை எடுத்துப் பொக்கற்றுக்குள்ளை போட்டிட்டு, பின்சில்லைக் கையாலை மெல்ல மெல்லச் சுத்தித்தான் துடைப்பன். மண்ணெண்ணெயும் பழைய பல்லு பிறஷும் போட்டுத் தேய்ச்சு, பல்லுச்சில்லின்ரை இடுக்கிலை கிடந்த ஊத்தையைச் சுரண்டி, துணியாலை ஒத்தி எண்ணெய் விட்டன். செயின் புதுத் தாலிக்கொடி மாதிரி மினுங்கிச்சுது.

கடைசியிலை செயின் கவரைப் பூட்டப் போனால் ஒரு ஆணி புரி தேஞ்சு பிடிக்குதில்லை. ஒருநாள் கவர் இல்லாமல் ஓடினால் உலகம் அழிஞ்சிடுமோ எண்டு அதைக் கொட்டிலுக்குள்ளை எறிஞ்சிட்டு வந்திட்டன். உண்மையைச் சொன்னால், அந்த மினுக்கம் நாலு பேருக்குத் தெரியட்டும் எண்ட எண்ணமும் இருந்தது.

மாவிட்டபுரம் தாண்டினாப் பிறகு நல்ல காத்து. அம்மா ஒரு பக்கமாத்தான் இருந்து வந்தவ. சீலைத் தலைப்பைக் கழுத்தைச் சுத்திப் போட்டுத்தான் ஹெல்மெட் போட்டிருந்தவ. அதின்ரை நுனி எப்ப நழுவிக் கீழை தொங்கினதோ தெரியாது. "தம்பி!" எண்டு ஒரு சத்தம். அவ்வளவுதான், ரண்டு பேரும் ரோட்டிலை கிடக்கிறம்.

ஹெல்மெட் இருந்தபடியால் தலை தப்பிச்சுது. ஆனால் சீலை கயிறாட்டம் முறுகிச் செயினுக்குள்ளை போய்க் கழுத்தை இறுக்கிக்கொண்டு நிக்குது. அம்மான்ரை கண் பிதுங்குது, சத்தம் வரேல்லை. ஐயோ சிவனே, நான் செய்த வேலையைக் கேளுங்கோ. மோட்டச்சைக்கிளைத் தூக்கி நிமித்தி முன்னுக்குத் தள்ளினன். இன்னும் இறுகிச்சுது.

"அண்ணை, தள்ளாதேங்கோ! திறப்பை எடுங்கோ முதல்!"

இளவாலைப் பக்கம் மீன் விக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு பொம்பிளைப்பிள்ளை. நாப்பது வயது இருக்கும். தன்ரை சைக்கிளை அப்பிடியே விழ விட்டிட்டு மீன் வெட்டுற கத்தியோடை ஓடி வந்தா. நான் திறப்பை இழுத்தெடுத்தன். அம்மான்ரை கழுத்துக்கும் சீலைக்கும் நடுவிலை ரண்டு விரலை விட்டு, கத்தியின்ரை வாய்ப்பக்கத்தை வெளியிலை பிடிச்சு ஒரே இழுவை. அம்மா இருமி இருமி மூச்சு விட்டா. நான் நடுரோட்டிலை குந்தியிருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதன்.

பிறகுதான் பாத்தன். சீலை முழுக்கச் செயினுக்குள்ளை. அம்மா பாவாடை சட்டையோடை ரோட்டிலை இருக்கிறா. கோயிலுக்குப் போன சனம் சுத்தி நிக்குது. "என்ன புதினம் பாக்கிறியள்? திரும்பி நில்லுங்கோ!" எண்டு அந்தப் பிள்ளை போட்ட சத்தத்திலை எல்லாரும் திரும்பிட்டினம். மீன்பெட்டியை மூடியிருந்த பழைய சீலையை உருவிக்கொண்டு வந்தவ, கிட்ட வந்ததும் தயங்கி நிண்டா.

"மீன் மணக்கும் அம்மா. நீங்கள் விரதக்காரர்..."

வெக்கத்தை விட்டுச் சொல்லுறன். "பொறு தங்கச்சி, ஆரிட்டையும் வேறை சீலை இருக்கோ பாப்பம்" எண்டு நான் சொன்னனான். உயிரைக் காப்பாத்தின மனுசியிட்டை!

அம்மா என்னைப் பாத்த பார்வையை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். "மானம் போகேக்கை மச்சமோ மரக்கறியோ எண்டு ஆரும் பாப்பினமோ? தா பிள்ளை" எண்டு கையை நீட்டினா. அந்தப் பிள்ளைதான் கொய்யகம் வைச்சு உடுத்திவிட்டா. பிறகு என்னோடை சேர்ந்து பின்சில்லைப் பின்பக்கமா மெல்ல மெல்லச் சுத்திச் சுத்தி, மிச்சச் சீலையை வெளியிலை எடுத்துத் தந்தா.

அவவின்ரை மீன் முழுக்க ரோட்டிலை சிதறிக் கிடந்தது. அவ பொறுக்கத் தொடங்க, அம்மாவும் பக்கத்திலை குந்தியிருந்து பொறுக்கத் தொடங்கினா. மச்சத்தை வருசக்கணக்காக் கையாலை தொடாத அம்மா! அதுக்குப் பிறகும் நான் நிண்டால் மனுசனோ? நானும் குந்தினன். எல்லாம் பொறுக்கிப் பெட்டிக்குள்ளை போட்ட உடனை, "வாறன் அம்மா, வெயில் ஏறுது" எண்டிட்டு அவ கெதியா மிதிச்சுப் போயிட்டா. பேரைக்கூடக் கேக்கேல்லை.

"வீட்டை திரும்புவமோ?" எண்டு கேட்டன்.

"ஏன்? கீரிமலைக்கு விடு. கொப்பர் கோவிக்கமாட்டார்."

இப்ப கவர் பூட்டாமல் நான் மோட்டச்சைக்கிளை முத்தத்தாலை இறக்கிறேல்லை. எத்தினையோ வருசம் முழுகித் தோய்ஞ்சு, ஆரிலையும் முட்டாமல் போய் அப்பாவுக்கு எள்ளுந் தண்ணியும் இறைச்சிருக்கிறன். ஆனால் மீன் மணத்த கையோடை இறைச்ச அண்டைக்குத்தான் சுத்தமான கையோடை கடலிலை இறங்கினனான் எண்டு இப்பவும் எனக்குப் படுது.