நிமாய் ஒட்டாத வளையல்

பொருளைச் செய்தவரின் பெயரை எழுதி அதன்மேல் கட்டி விற்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. போன மாதம் பேத்தி என்னை ஒரு கைவினைக் கண்காட்சிக்கு அழைத்துப் போனாள். ஓலைக்கூடையில், மண்குவளையில், கைத்தறித் துண்டில், எதை எடுத்தாலும் ஒரு சீட்டு. சீட்டில் ஒரு பெயர், ஓர் ஊர். கடை நடத்தும் இளம்பெண்ணை எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டட்டும், நல்ல காரியம்தான். எனக்கு வந்தது கோபம். நான் சிறுவனாக இருந்தபோது தூத்துக்குடியில் என் அத்தை இதையேதான் செய்தாள். எங்கள் வீட்டில் ஒருவர் விடாமல் சிரித்தோம். சிரித்ததோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்கத்தாவில் நர்ஸாக இருந்து, கல்யாணமும் செய்துகொள்ளாமல் வேலையையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியவள். அங்கே அவள் கண்ட ஒன்று அவளை விடவில்லை. நம் கடலில் மூழ்கி எடுக்கிற சங்கு மூட்டை மூட்டையாக வங்காளத்துக்குப் போகிறது. அங்கே அதை அறுத்து, இழைத்து, கல்யாணமான பெண்கள் அணிகிற வெள்ளை வளையலாக்குகிறார்கள். மூழ்கி எடுத்தவனுக்கு அது என்ன ஆயிற்று என்று தெரியாது. அணிகிறவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. நடுவில் இழைக்கிறவனையோ இரண்டு பேருக்குமே தெரியாது. இது அநியாயம் என்று அத்தைக்குப் பட்டது. அப்பாவிடம் கேட்டு, வீட்டின் முன்னறையில் ஒரு கடை போட்டாள்.

சாயர்புரம் பக்கத்துப் பெண்கள் முடைந்த ஓலைப் பெட்டிகள், கொழும்புக்குப் போய்வரும் தோணிக்காரர்கள் அங்கிருந்து வாங்கி வந்த லேஸ், வங்காளத்து விஷ்ணுபூரிலிருந்து வரவழைத்த சங்கு வளையல். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. வளையலின் சீட்டில் தமிழில் ஒரு தடவை, அவள் கற்று வந்திருந்த வங்காள எழுத்தில் ஒரு தடவை எழுதியிருப்பாள்: ‘செய்தவர் நிமாய், விஷ்ணுபூர். சங்கு நம் கடல்.’

ஓலைப் பெட்டி விற்றது. வளையல் விற்கவில்லை. எங்கள் பக்கத்தில் சங்கு என்றால் பாடைக்கு முன்னால் ஊதுவது. அதைக் கையில் மாட்டிக்கொள்ள யார் வருவார்கள்? பெட்டி வாங்க வந்த பெண்கள்கூட வளையல் வைத்திருந்த கண்ணாடி அலமாரிப் பக்கம் சேலை படாமல் ஒதுங்கித்தான் நின்றார்கள்.

சித்தப்பாவுக்கு இது போதுமானதாக இருந்தது. அவர் தோணிகளுக்குக் கயிறும், பாய்த்துணியும், பலகை இடுக்கை அடைக்கிற குங்கிலியமும் விற்பவர். சரக்குப் போட்டு வைக்க அதே முன்னறையை அவரும் கேட்டிருந்தார். கிடைக்காத ஆத்திரத்தைக் கிண்டலாக மாற்றி, காலையில் போகும்போது ஒரு தடவையும் மாலையில் வரும்போது ஒரு தடவையும் வாசலில் இறக்கி வைப்பார்.

“என்னக்கா, கடையில சங்கு வச்சாச்சு. எப்ப ஊதப் போற?”

“மொத ஊத்து ஒனக்குத்தாம்லே. போயி குளிச்சிட்டு வா,” என்பாள் அத்தை, தலையைத் தூக்காமலே.

அப்பா நடுநிலை என்று பெயர் எடுத்தவர். தீபாவளிவரை பார்ப்போம், கடை தன் காலில் நிற்காவிட்டால் அறையைத் தம்பிக்கு விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்த வங்காளத்து அம்மாள் வந்தார். கப்பல் இன்ஜினியர் ஒருவரின் மனைவி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர். சீட்டில் தன் எழுத்தைக் கண்டதும் அதைக் கையிலெடுத்து வாசித்தார். மறுபடியும் வாசித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அத்தையோடு அவர் பாஷையில் பேசத் தொடங்கியவர், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். அவர் கையிலிருந்த வளையல்கள் தேய்ந்து நூலாகியிருந்தன. சிறிய கைக்கென்று ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து, மறுநாள் நல்ல நாள் என்று, அன்றைக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். தங்கள் குடியிருப்பில் இன்னும் பல வங்காளக் குடும்பங்கள் இருப்பதாகவும், பெண்கள் அத்தனை பேரையும் அழைத்து வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அன்று அத்தை பாடிக்கொண்டே தோசை சுட்டாள். அவளுக்குப் பாட வராது.

எனக்குப் பத்து வயது. அத்தைமேல் எனக்கு அப்போது கடுங்கோபம். பள்ளிக்கூடத்தில் நான் நுழைந்தாலே, “ஏலே, சாவுக்கடைக்காரன் வாரான், வழிவிடுங்கலே,” என்று ஒருவன் கத்துவான். மற்றவர்கள் வாயில் கைவைத்துச் சங்கு ஊதுவார்கள். அன்று மாலையும் ஊதினார்கள். வீட்டுக்கு வந்தேன். அத்தை கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அந்த ஜோடி ஓர் ஓலைப் பெட்டியில் மேசைமேல் இருந்தது. இதில் அப்படி என்னதான் இருக்கிறது, மாட்டினால் செத்தா போய்விடுவேன் என்ற வீம்பில் ஒன்றை எடுத்துக் கையில் நுழைத்தேன். நுழைந்தது. வெளியே வரவில்லை. சோப்பு போட்டு இழுத்தும் வரவில்லை. பயம் வந்துவிட்டது. மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினேன். வளையல் இரண்டாக உடைந்து விழுந்தது.

அழவில்லை. சித்தப்பாவின் சரக்கிலிருந்து ஒரு துண்டு குங்கிலியம் எடுத்தேன். தோணியில் கடல் நீரையே உள்ளே விடாமல் பிடிக்கிறது, வளையலைப் பிடிக்காதா என்று கணக்குப் போட்டேன். விளக்கில் உருக்கி, உடைந்த முனைகளில் வைத்து அழுத்தி, தெரிந்த பழுப்புக் கோட்டின்மேல் அம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தேய்த்து, துணியால் மெருகேற்றினேன். ஒட்டிய இடம் எனக்கே தெரியவில்லை. மறுநாள் அந்த அம்மாள் வந்து, கண்ணில் ஒற்றி, மாட்டிக்கொண்டு போனார். அத்தை வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

சில நாள் கழித்து அவர் தனியாகத் திரும்பி வந்தார். சோறு வடித்துக்கொண்டிருந்தாராம். கஞ்சியின் ஆவி பட்டதும் வளையல் கையைவிட்டுக் கழன்று, இரண்டு துண்டாகக் கஞ்சிக்குள் விழுந்ததாம். கணவர் கடலில் இருந்தார். கைக்குட்டையை அவிழ்த்துத் துண்டுகளை மேசைமேல் வைத்தார். சண்டை போடவில்லை. சீட்டில் நிமாய் என்ற பெயரின்மேல் விரலை வைத்து, தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்.

“என்னவாம் அவளுக்கு? மாத்திக் குடுத்தாப் போச்சு,” என்றார் அப்பா.

“மாத்திக் குடுக்குத பொருளா அண்ணே அது? அங்கன அது கையில ஒடஞ்சா, இங்கன தாலி அறுந்த மாதிரி,” என்றாள் அத்தை. “எங்க வங்காளத்து ஆளாச்சே, அவரு எப்படி ஒட்டி அனுப்புவாருன்னு கேக்குதாவ.”

சத்தம் கேட்டு வந்த சித்தப்பா துண்டு ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கதவிடுக்கில் நின்றிருந்தேன்.

“ஒட்டித்தாம் அனுப்பியிருக்கான் ஒன் நிமாய்,” என்றார் நிதானமாக.

“அவரு அப்படிப்பட்ட ஆளில்லலே.”

“அப்பம் யாரு செஞ்சா? நம்ம வீட்டு ஆளா? நம்ம பயலுவளுக்கு இம்புட்டு நேக்கு ஏதுக்கா?”

எல்லோர் முன்னாலும் என் கைவேலையைப் புகழ்ந்து, அதற்கு வேறொருவன் பெயரைச் சொல்கிறாரே என்று ஒரு கணம் எனக்கு ஆத்திரம்கூட வந்தது. எழுதவே கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

“பேரு போட்டு வித்தேல்லா,” என்று சித்தப்பா விடாமல் சொன்னார். “இப்பம் பேரச் சொல்லித் திட்ட வசதியாப் போச்சு. பேரில்லாம வித்திருந்தா ஊரு பேரு தெரியாதவன் ஏமாத்திட்டான்னு விட்டிருப்பாவ.”

அத்தை அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாள். கல்கத்தா நாட்களில் நிமாயின் வீட்டில் அவள் சாப்பிட்டிருக்கிறாள். அவர் மனைவியின் பிரசவத்தின்போது கூட இருந்தவள். அவரை நம்பாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் கிடையாது, கண்முன்னால் கிடந்த அந்த ஒட்டைத் தவிர. நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் திறக்கவில்லை. அத்தை அலமாரியைத் திறந்து, மீதி வளையல்களில் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். பிறகு ஓலைப் பெட்டிகளிலிருந்தும் அவிழ்த்தாள். அவற்றை முடைந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

தீபாவளிவரைகூட அவள் காத்திருக்கவில்லை. அறையைத் தானே காலி செய்து கொடுத்துவிட்டு, திருச்செந்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மறுபடி நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தாள். விஷ்ணுபூருக்கு அவள் பிறகு எழுதவே இல்லை. தன்னைக் கள்ளன் என்று ஒரு வீட்டில் தீர்மானித்துவிட்டார்கள் என்பது நிமாய்க்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. எந்தக் குற்றத்துக்கென்றே தெரியாமல் தண்டனை அனுபவித்த மனிதர் அவர். அத்தை என் கல்யாணத்துக்கு வந்தாள், என் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்க வந்தாள். ஒவ்வொரு முறையும் சொல்ல நினைத்தேன். அவள் இறந்தபோதும் சொல்லியிருக்கவில்லை. படித்தவன், வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று நீதி பேசிப் பிழைத்தவன். இந்த ஒரு வாக்கியம் என் வாயில் வரவில்லை.

கல்லூரி நாட்களில் ஒருநாள் பழைய துறைமுகத்துப் பக்கம் நடந்துபோனேன். கரையேற்றிய தோணி ஒன்றுக்குக் குங்கிலியம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையிலேயே அந்த வாசனை வந்து மூக்கில் ஏறியது. அங்கேயே நின்றுவிட்டேன். ஆயுசெல்லாம் அதை விற்ற மனிதர் அந்தத் துண்டை மூக்கருகே கொண்டுபோனாரே. ஒட்டு தன் சரக்கு என்று தெரிந்தேதான், முன்னறைக்காக நிமாயின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அன்று மூண்ட கோபம், சித்தப்பா போய்ச் சேர்ந்து இத்தனை வருடம் ஆகியும் எனக்கு அடங்கவில்லை. அதில் பாதி என்மேல்தான்.

ஆனால் பத்து வயதில் எனக்கு அவர்மேல் இருந்தது பாசம். அந்த இன்ஜினியர் சுகமாகக் கரை திரும்பிய செய்தி வந்த அன்று, சித்தப்பா முன்னறையில் கயிற்றுச் சுருள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் நிறைய மக்ரூன் கொடுத்தார்.

“பாத்தியாலே, அவ புருசனுக்கு ஒண்ணும் ஆகல. இனி இதப் பத்தி யாருட்டயும் பேசப்பிடாது என்னா?”

தலையாட்டினேன். கயிற்றுச் சுருளின்மேல் ஏறி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வாயில் கரையவிட்டுத் தின்றேன். என்னை அடியிலிருந்து காப்பாற்றியதுமல்லாமல் தின்னவும் வாங்கித் தருகிறாரே, இவரைப்போல் ஒரு சித்தப்பா யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்துக்கொண்டேன். செய்த வேலைக்குக் கூலி வாங்கித் தின்றுகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.