இருநூற்று நாற்பது பவுண்டு

மார்லிஸ் ஹ்ருபியிடம் எடையில் யாரும் விளையாட முடியாது. நெப்ராஸ்காவில் கார்னர் கிரீக் என்ற சின்ன ஊர். அங்கே கூட்டுறவுத் தானியக் கிடங்கின் எடைமேடையில் நாற்பது வருஷம் உட்கார்ந்திருந்தவள் அவள். கண்ணாடி ஜன்னல், ஒரு நாற்காலி, ஒரு மைக், ஆறிப்போன காபி. மக்காச்சோளம் ஏற்றிய லாரி மேடையில் ஏறினால் ஒரு எடை. சோளத்தைக் கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினால் இன்னொரு எடை. வித்தியாசம்தான் சோளம். இதில் என்ன தில்லுமுல்லு செய்ய முடியும் என்று கேட்பவர்கள் விவசாயியோடு பழகியதில்லை என்று அர்த்தம். சுமையோடு வரும்போது ஆசாமி கம்பீரமாக வண்டியில் உட்கார்ந்திருப்பான். வெறும் வண்டியை எடை போடும்போது சிகரெட் பிடிக்கிற சாக்கில் நைசாக இறங்கிக்கொள்வான். அவன் உடம்பும் சோளக் கணக்கில் சேர்ந்துவிடும். இப்படித் தங்கள் தொப்பையைக் கிடங்குக்கு விற்ற பெரிய மனிதர்கள் அந்த ஊரில் நிறைய.

மார்லிஸ் வந்த பிறகு அந்த வியாபாரம் படுத்தது. எடைச் சீட்டின் அடியில் இரண்டு சின்னக் கட்டங்கள் இருக்கும்: டிரைவர் உள்ளே, டிரைவர் வெளியே. முதல் எடைக்கு எந்தக் கட்டமோ இரண்டாவதற்கும் அதேதான். யாராவது இறங்கினால் மைக்கை அழுத்துவாள். முற்றம் முழுக்க ஒலிபெருக்கி அலறும்: "வரும்போது வண்டியில இருந்தீங்க, போகும்போதும் இருக்கணும். ஏறுங்க!"

டெல்மரை அவள் பிடித்ததும் அப்படித்தான். இருபத்து நாலு வயசுப் பையன், அப்பாவின் லாரியில் சோளம் கொண்டுவந்தவன், இரண்டாவது எடைக்கு இறங்கிவிட்டான். மைக்கில் கத்தினாள். ஏறவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நேரே ஜன்னலுக்கு வந்தான்.

"உங்களக் கிட்டப் பாக்கத்தாங்க இறங்குனேன்."

"பாத்தாச்சில்ல? ஏறுங்க."

அடுத்த வருஷம் கல்யாணம். தேனிலவு லிங்கன் நகரத்தில், காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் நடுவில் கிடைத்த ஆறு மணி நேரம். டெல்மரிடம் நாற்பத்தாறு கறவை மாடுகள். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா, கிறிஸ்துமஸ் உண்டா? முப்பத்தொன்பது வருஷத்தில் ஓர் இரவுகூட அவர்கள் வெளியூரில் படுத்ததில்லை. எடைமேடை அறையில் விதைக் கம்பெனிக்காரன் கொடுத்த காலண்டர் தொங்கும். அதில் எப்போதும் மொன்டானா மலைதான். தட்டையான நிலத்தில் பிறந்து வளர்ந்த மார்லிஸ் பன்னிரண்டு மாசமும் அந்த மலையைப் பார்ப்பாள். முட்டி தேய்வதற்குள் ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும், டெல்மரோடு பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

டெல்மரின் தோள்பட்டை மக்கர் செய்ததில் ஒரு வசந்தத்தில் மாடுகளை விற்றார்கள். விற்ற மறுவாரமே மார்லிஸ் பக்கத்து ஊர் வாத்தியார் தம்பதியிடமிருந்து ஒரு பழைய டிரெய்லரை வாங்கினாள். இருபத்து நாலு அடி நீளம். கட்டில், அடுப்பு, கையை நீட்டினால் சுவரில் இடிக்கும் குளியலறை, எல்லாம் உண்டு. அதை இழுக்க ஒரு வண்டி மட்டும் வேண்டும்.

வண்டி தேடும் படலம் பதினாலு மாதம் நடந்தது. அட, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு நொட்டை சொல்லமாட்டார்கள்.

முதல் கடையில் ட்ரென்ட் என்ற விற்பனையாளன் பளபளவென்று ஒரு பிக்கப்பைக் காட்டினான். "அண்ணே, இது வீட்டையே இழுக்கும்ணே!"

மார்லிஸ் வண்டியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டிரைவர் கதவைத் திறந்து, கதவோரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுக்குக் குனிந்தாள். வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதை விளம்பரத்தில் போடுவார்கள். தன் முதுகில் எவ்வளவு சுமக்கும் என்பதை அந்தச் சீட்டில்தான் போடுவார்கள்.

"வீட்ட இழுக்கும் தம்பி, சரி. வீட்டுக்காரங்க ஏறலாமா?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க?"

"சீட்டுல ஆயிரத்து முன்னூறு பவுண்டுன்னு போட்டிருக்கு. டிரெய்லரோட மூக்கு வண்டி முதுகுல உக்காருமில்ல? அதுவே எண்ணூறு. இவரு இருநூத்தி நாப்பது. மிச்சத்துல நானும், என் சட்டிபானையும், கொக்கியும், விறகும். கூட்டிப் பாரு."

"நீங்க எவ்வளவுக்கா?"

"அது உனக்கெதுக்கு?"

நாற்பது வருஷம் ஊரையே எடை போட்டவள் தன் எடையை மட்டும் ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை.

அந்த வண்டியை மார்லிஸ் தள்ளினாள், நியாயம். அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் தள்ளியது டெல்மர். டீசல் வண்டி என்றால் நாற்றம். பெட்ரோல் வண்டி என்றால் குடிகாரன். ஒன்றில் இருக்கை உயரம், ஒன்றில் கண்ணாடி சின்னது. எல்லாம் பொருந்திய வண்டி ஒன்று கிடைத்தது, அது சிவப்பு.

"சிவப்பப் பாத்தா காளை முட்ட வரும்" என்றான் டெல்மர்.

"எந்தக் காளை? வித்தாச்சே!"

டெல்மர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீடு வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தான். கோபம் என்று நினைத்துக்கொண்டாள் மார்லிஸ்.

குளிர்காலம் போயிற்று. டிரெய்லரின் வெயில்துணி மடிப்பில் சிட்டுக்குருவி கூடு கட்டிக் குஞ்சும் பொரித்துவிட்டது. குருவிக்காவது அது வீடாயிற்றே என்று மார்லிஸ் பொருமினாள். அதற்கு முன்பே, பிப்ரவரியில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு, முகாம் இடங்களுக்கு முன்பதிவு திறக்கும் அந்த நொடியில், கணினி முன் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு அழுத்தியிருந்தாள். மலையடிவாரத்தில், ஓடையோரம், ஆகஸ்ட் இருபத்திரண்டிலிருந்து பத்து நாள். இடம் கிடைத்துவிட்டது. செப்டம்பர் நடுவில் அங்கே பனி விழ ஆரம்பித்து மேல்பாதையை மூடிவிடுவார்கள். இந்த வருஷம் போகாவிட்டால் இனி எந்த வருஷமும் போகப்போவதில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஜூலையில் அவளே போனாள். மஞ்சள் சீட்டைப் படித்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு கனத்த பிக்கப்பை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள்.

"நீ பாத்துக்கிட்டே இரு. நான் வாங்கிட்டேன்."

டெல்மர் வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தான். "நல்ல வண்டிதான்" என்றான். நொட்டை சொல்லவில்லை. அதோடு நிற்காமல் சாமான் சேர்க்கிற வேலையில் பம்பரமாய்ச் சுழல ஆரம்பித்தான். டிரெய்லர் வாலாட்டாமல் இருக்க இரும்புப் பட்டைகள் வைத்த கொக்கி, பிரேக் பெட்டி, பக்கவாட்டுக் கண்ணாடி எல்லாம் மார்லிஸ் பார்த்துப் பூட்டினாள். பிக்கப்பின் பின்பெட்டி என் பொறுப்பு என்றான் அவன். மனுஷனுக்கு ஒருவழியாக ஆசை வந்துவிட்டது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

கிளம்புகிற நாளும் வந்தது. நேரே நெடுஞ்சாலைக்குப் போகாமல் கிடங்குக்கு விடச் சொன்னாள்.

"எதுக்கு?"

"ஊரான் வண்டியெல்லாம் எடை போட்டேன். என் வண்டிய போடாமப் போவேனா?"

இப்போது அந்த நாற்காலியில் கெய்லீன் இருந்தாள். மார்லிஸிடம் தொழில் பழகியவள். பிக்கப்பின் சக்கரங்கள் மட்டும் மேடையில், டிரெய்லரின் சக்கரங்கள் மேடைக்கு வெளியே. அப்படி நிறுத்தினால்தான் பிக்கப் எவ்வளவு சுமக்கிறது என்று தெரியும். வண்டிக்கு அனுமதி ஒன்பதாயிரத்து ஐநூறு பவுண்டு. ஒலிபெருக்கி கரகரத்தது.

"மார்லிஸக்கா... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒம்பதாயிரத்து எழுநூத்தி நாப்பது. இருநூத்தி நாப்பது அதிகம்கா."

முற்றத்தில் நின்ற லாரிக்காரர்களுக்கு அன்றைக்குத் திருவிழாதான். "மார்லிஸே ஓவர்லோடா! மழை வரும்டோய்!" என்று ஒருவன் கத்தினான். அவன் தொப்பை எத்தனை வருஷம் கிடங்குக்கு விற்கப்பட்டது என்று திருப்பிக் கேட்டுவிட்டு, மார்லிஸ் சாவியை உருவிக்கொண்டு இறங்கிப்போய்ப் பின்பெட்டியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

உள்ளே மாட்டுக்கொட்டகை இருந்தது. இரண்டு பெரிய எஃகுப் பால்கேன்கள், விளிம்புவரை தண்ணீர். வேலிக்கம்பி இழுக்கிற கருவி. பட்டறை மேசையிலிருந்து கழற்றிய இரும்புப் பிடிப்பான். ஐம்பது பவுண்டு மாட்டு உப்புக்கட்டி.

"இது என்ன தண்ணி?"

"நம்ம கெணத்துத் தண்ணி. அங்க தண்ணி எப்படி இருக்குமோ."

"மலைமேல பனி உருகி ஓடுது டெல்மர்! சரி, உப்புக்கட்டி?"

"மான் வந்தா நக்கும்."

"மொன்டானா மானெல்லாம் உன் உப்புக்கு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குதா?"

டெல்மரும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றான்.   சிரித்தான், சிரிப்பு கண்வரை வரவில்லை.

"இருநூத்தி நாப்பதுதானே அதிகம்? அது சரியா என் எடை. என்னை இங்கயே விட்டுட்டு நீ போயிட்டு வா மார்லிஸ். உனக்கு ஓட்டத் தெரியும். என்னைவிட நல்லா ரிவர்ஸ் எடுப்ப."

"வெளையாடாத."

"வெளையாடல."

பதினாலு மாத நொட்டைகள் எல்லாம் அப்போதுதான் அவளுக்கு ஒன்றாகச் சேர்ந்தன. வண்டியா சரியில்லை? ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்ற கதை அல்லவா இது!

"உனக்கு வரவே இஷ்டமில்ல, அதானே?"

டெல்மர் உப்புக்கட்டியைத் தடவிக்கொண்டு நின்றான். "பயமா இருக்கு" என்றான். "காலையில நாலரைக்கு முழிப்பு வந்துருது. வீட்டுல இருந்தா காலிக் கொட்டகையிலயாவது போயி நின்னுட்டு வரேன். தெனமும் போறேன், உனக்குத் தெரியாது. அங்க எங்க போயி நிப்பேன்?"

மார்லிஸுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வெளியே வருமோ என்று பயந்து, விறுவிறுவென்று எடைமேடை அறைக்குள் போனாள். தனியாகப் போகலாம். அவளால் முடியும். சாவி கையிலேயே இருந்தது. சுவரில் காலண்டர் மலை அதே இடத்தில் தொங்கியது. முப்பத்தொன்பது வருஷம் அதை ஒற்றையாகப் பார்த்தது போதாதா?

இருவரும் இறங்கிவிட்டதால் மேசைமேல் இருந்த எடைக்கருவியில் எண் குறைந்திருந்தது. கெய்லீன் அதை உற்றுப் பார்த்து, குறைந்த எடையிலிருந்து டெல்மரின் இருநூற்று நாற்பதை மனதுக்குள் கழித்துக்கொண்டிருந்தாள். மார்லிஸ் சட்டென்று எண்ணைக் கையால் மூடினாள்.

"கண்ண வெளிய வை!"

மறுகையால் மைக்கை இழுத்து அழுத்தினாள். அதே பழைய குரல்தான்.

"மேடையில நிக்கிற சாம்பல் வண்டிக்காரரே. வரும்போது வண்டியில இருந்தீங்க. போகும்போதும் இருக்கணும். ஏறுங்க!"

முற்றத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டெல்மர் ஏறவில்லை. மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான். கழற்றியவன் ஜன்னலை நோக்கி நடந்து வந்தான். முடியெல்லாம் போயிருந்தது, தொப்பியைப் பிடித்திருந்த விதம் மட்டும் மாறவில்லை.

"கிட்டப் பாக்கத்தான் இறங்குனேன்" என்றான்.

"பாத்தாச்சில்ல?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாலரைக்கு முழிப்பு வந்தா என்னை எழுப்பு. நீ தெனமும் எந்திரிச்சுக் கொட்டகைக்குப் போனதுக்கு அப்புறம் நான் ஒரு நாளும் தூங்குனதில்ல, தெரியுமா உனக்கு? முப்பத்தொம்பது வருஷமா தனியாதான் முழிச்சுக் கெடந்திருக்கேன். இனிமே ரெண்டு பேருமா முழிச்சுக்கிட்டு மலையப் பாப்போம். அங்க போயி நில்லு, என் பக்கத்துல."

மைக்கிலிருந்து விரலை எடுக்க மறந்திருந்தாள். ஊரே கேட்டது. மழை வரும் என்று கத்தினவன் தலையைக் குனிந்துகொண்டு தன் டயரைப் பரிசோதித்தான்.

அப்புறம் என்ன, கிணற்றுத் தண்ணீர் கிடங்கு வாசலில் இருந்த பூச்செடிகளுக்குப் போயிற்று. காலிக் கேன்களையும் உப்புக்கட்டியையும் பிடிப்பானையும் கெய்லீன் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டாள். வேலிக்கருவி மட்டும் இருக்கட்டும் என்று டெல்மர் முனக, போனால் போகிறது என்று மார்லிஸ் விட்டுக்கொடுத்தாள். இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். ஒன்பதாயிரத்து நானூற்று அறுபது என்றது ஒலிபெருக்கி.

கெய்லீன் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். அடியில் இருந்த இரண்டு கட்டங்களையும் அவள் காலியாகவே விட்டிருந்தாள். மார்லிஸ் பேனாவை வாங்கி, டிரைவர் உள்ளே என்ற கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டாள். சீட்டை டெல்மரின் சட்டைப்பையில் செருகினாள்.

"மேக்கால திருப்பு" என்றாள்.