ஆபீஸ் குரல்

இதைக் கதை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நடந்தது. எனக்கே நடந்தது. அதுவும் நடுராத்திரியில் இல்லை, பட்டப்பகலில், வெயில் கட்டில்மேல் விழுந்துகொண்டிருக்கும்போது. கீமோ போட்டால் புத்தி கொஞ்சம் குழம்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரி, எனக்குக் குழம்பியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழ் வீட்டம்மாவுக்கு யார் கீமோ போட்டது?

நான் தனியாக இருக்கிறவள். மின்சார ஆபீஸில் போனில் புகார் கேட்கிற வேலை, பதினோரு வருஷமாக. கரண்ட் போனவர்கள் எல்லாம், என்னவோ நான்தான் ஒயரை அறுத்துவிட்ட மாதிரி கத்துவார்கள். நான் கத்தக் கூடாது. சிரித்துக்கொண்டே பேசினால் குரலும் சிரிக்கும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு அக்கா வைத்த பெயர் ஆபீஸ் குரல். உடம்பு எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் அதுதான் முந்திக்கொண்டு வரும். "நல்லா இருக்கேங்க." பொய் சொல்லிப் பழகின வாய்.

மூன்றாவது கீமோ டிரிப் ஏறிய பிறகு களைப்பு என்றால் அப்படியொரு களைப்பு. தூங்கினால் தீருகிற களைப்பு இல்லை. கட்டிலிலிருந்து கூடத்துக்குப் பதினான்கு அடி. நடுவில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தேன். அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, பிறகு மீதித் தூரம். பல் தேய்த்தால் அரை மணி நேரம் படுக்கணும். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "ரெஸ்ட் எடு, ரெஸ்ட் எடு" என்றார்கள். எடுக்காமல் நான் என்ன ஓட்டப்பந்தயமா ஓடிக்கொண்டிருந்தேன்?

மதியம் ஒரு மணிக்குக் கீழ் வீட்டம்மா சாப்பாடு கொண்டு வருவார். அதை நம்பித்தான் கிடந்தேன். புதன்கிழமை வரவில்லை. வியாழனும் வரவில்லை. ரோஷத்தை ஒதுக்கி வைத்துவிட்டு 2.10க்குப் போன் செய்தேன்.

"நீங்கதான் தேறிட்டீங்களேம்மா. நேத்துக் காலையில படியில பார்த்தேனே... தண்ணி கேனைத் தூக்கிட்டு விறுவிறுன்னு ஏறினீங்க."

தலையணையைத் திருப்பிப் போடவே எனக்குத் தெம்பு இல்லை.

"ஆனா மத்தியானத்துல நாற்காலியை இழுக்காதீங்க. குழந்தை தூங்குது."

எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. எவளையோ பார்த்துவிட்டு என் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாரே. உடனே அக்காவுக்கு அடித்தேன். சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். நாளைக்கே வர முடியுமா என்று கேட்டேன்.

"நீதானேடி வராதேன்னே? நேத்து சாயங்காலம், ஆபீஸ் குரல்ல, சிரிச்சுச் சிரிச்சு. லீவு கூட வேண்டாம்னுட்டேன்."

"நான் பேசவே இல்லை."

"சரி சரி... மருந்து மயக்கம். ரெஸ்ட் எடு."

போனைப் பார்த்தேன். புதன், மாலை 4.12. ஆறு நிமிடம். என் போனிலிருந்துதான் போயிருந்தது. அந்த நேரத்தில் நான் அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை, மதியம் 3.05. உடம்பு உதறி விழித்தேன். தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்றொன்று. நூறைத் தாண்டினால் உடனே கூப்பிடணும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று ஆஸ்பத்திரி நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தலையணைக்கு அடியில் கையை விட்டேன்.

போன் இல்லை.

கூடத்தில் நாற்காலி இழுபட்டது. கர்ர்ர்...

பிறகு பேச்சு.

"இல்லைங்க சிஸ்டர்... காய்ச்சலா? அதெல்லாம் இல்லை. நல்லா இருக்கேங்க."

என் குரல்.

கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

பயம் ஒரு பக்கம். அதைவிட ஆத்திரம். நான் இங்கே சாகக் கிடக்கிறேன், அங்கே என் வாயை வைத்துக்கொண்டு இது நலம் சொல்கிறது. கட்டிலிலிருந்து உருண்டேன். தவழ்ந்தேன். ஸ்டூல் வரை... நின்றேன். மறுபடி தவழ்ந்தேன்.

3.21. கூடம் காலி.

மேஜைமேல் போன்.

திரையில் ஈரம்... யாரோ கன்னத்தோடு வைத்துப் பேசிய ஈரம்.

ஆஸ்பத்திரிக்கு அடித்தேன்.

"இப்பதானே பேசினீங்க?" என்றார் நர்ஸ்.

"அது நான் இல்லை."

"உங்க குரல்தானே..."

கத்தினேன். பதினோரு வருஷத்தில் போனில் ஒருவரிடமும் கத்தியதில்லை. "நான் நல்லா இல்லை. செத்துக்கிட்டு இருக்கேன். யாராவது வந்து தூக்கிட்டுப் போங்க." தொண்டை கிழிந்து, கரகரத்து, அசிங்கமாக வந்தது அந்தக் குரல்.

நர்ஸ் யாரையோ கூப்பிட்டு என் விலாசத்தைச் சொன்னார்.

"வண்டி வருது. கதவைத் திறந்து வைங்க."

ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரியே அக்கா ஓடி வந்துவிட்டாள். டிஸ்சார்ஜ் ஆனதும் என்னை நேரே தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அந்த வீட்டைக் காலி செய்துவிடலாம் என்று ஒரே பிடிவாதம். சாமான் எடுக்கக்கூட என்னை விடவில்லை. ஏன் என்று கேட்டால் எரிந்து விழுந்தாள்.

போன மாதம் ஆறாவது டிரிப்பும் முடிந்தது. அன்றைக்குத்தான் சொன்னாள்.

நான் ஐ.சி.யு.வில் நினைவில்லாமல் கிடந்த இரண்டாம் நாள். காலை 11.30. எனக்குத் துணி எடுக்க அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். கீழ் வீட்டம்மா பூட்டி வைத்திருந்த கதவு. சாவியைப் பூட்டில் நுழைத்திருக்கிறாள். உள்ளே நாற்காலி இழுபட்டிருக்கிறது. அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கம், ரொம்ப கிட்டத்தில், என் ஆபீஸ் குரல், சிரித்துக்கொண்டே...

"அவ இனிமே வர மாட்டா, அக்கா. அதான் நான் இருக்கேன்ல."