வால்தம்ஸ்டோவில் குடித்த தேத்தண்ணி

என் மனைவி பெண்கள் வரலாறு படிக்கப் போகிறாள் என்று அறிந்த அன்று நான் பயப்படவில்லை. தையல் வகுப்பில் இடம் கிடைத்திருக்காது, பாவம், என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது வாரம்தான் பயந்தேன்.

லண்டனில், லூயிஷாமில் எங்கள் பிளாட்டுக்கு அருகில் இருந்த மண்டபத்தில் மாலை வகுப்பு. பெற்றோல் நிலையத்தில் பகல் ஷிப்ட் முடித்து நான் சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்தால், அவள் எதிரே வந்து உட்கார்ந்து அன்றைய பாடத்தை எனக்கு நடத்துவாள். வகுப்பில் அவளுக்கு ஒரு சிநேகிதி வாய்த்திருந்தாள். ஜமேக்காவில் பிறந்தவள், ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"அடிமையா இருக்கேக்க அவளின்ர ஆக்களுக்குச் சட்டப்படி கலியாணமே இல்லையாம். பெத்த பிள்ளையும் முதலாளிக்குத்தான் சொந்தம். விடுதலை கிடைச்ச கையோட ஆசை ஆசையா மோதிரம் மாத்தினவையாம். மாத்தின உடன, உழைச்ச காசு முழுக்கப் புருசனுக்குச் சொந்தமாப் போச்சுதாம். வெள்ளைக்காரியளுக்கும் அப்ப அதுதானாம் சட்டம்."

"நல்ல காலம், எங்களிட்ட உந்தக் கரைச்சல் இல்லை. சீதனக் காணி பொம்பிளையின்ர பேரிலயெல்லோ இருக்கு" என்று சொல்லிப் பருப்பை ஊற்றினேன்.

"எங்கட ஆக்கள் அடிமை வைச்சிருந்தவையோ எண்டு அவள் என்னைக் கேட்டவள்."

எனக்குப் புரையேறியது. "இல்லையெண்டு சொல்லும்!"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன். ஒல்லாந்தன் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில எழுதின எங்கட தேசவழமைச் சட்டத்தில சீதனத்துக்கு ஒரு பகுதி இருக்கு, அடிமையளுக்கும் ஒரு பகுதி இருக்கு. அடிமைப் பொம்பிளையின்ர பிள்ளை ஆருக்குச் சொந்தம் எண்டும் அதில கிடக்கு. பிறகு அந்தப் பகுதியை விட்டிட்டினம். மிச்சத்தை எங்கட கழுத்தில கட்டிப்போட்டு இருக்கினம்."

அந்த மிச்சம் என்னவென்று எனக்கும் தெரியும். கணவன் எழுத்தில் சம்மதம் தராமல் மனைவி தன் சொந்தக் காணியை விற்க முடியாது. என் மனைவியின் தங்கை மாட்டிக்கொண்டிருந்தது அதில்தான்.

தங்கை யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி, கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் மகளோடு இருந்தாள். பொலிஸ் கதவைத் தட்டிப் பதிவு கேட்கும்போதெல்லாம் இரண்டு பேரும் நடுங்கினார்கள். சீதனக் காணியை விற்றால்தான் அங்கிருந்து வெளிக்கிடலாம். வாங்கவும் ஆள் இருந்தது. கையெழுத்து வைக்கவேண்டிய அவள் கணவன், என் சகலன், லண்டனிலேயே வால்தம்ஸ்டோவில் வேறொரு பெண்ணோடு குடும்பமாக இருந்தான். அவன் மறுத்தால் வழக்குப் போடலாம் என்றார் நாங்கள் விசாரித்த ஒரு லோயர். சண்டைக்குள் எந்தக் கோர்ட்டு, எப்போது என்று கேட்டதற்கு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சகலன் வீட்டுக்குப் புறப்பட்டோம். ரயிலில் அவள் எனக்கு ஒரேயொரு கட்டளைதான் இட்டாள்.

"அங்க பச்சத்தண்ணியும் வாயில வைக்கக்கூடாது."

எங்கள் ஆட்களுக்குக் கோபத்தைக் காட்டச் சத்தம் போடத் தேவையில்லை. ஒரு வீட்டுக்குப் போய் ஒன்றும் தொடாமல் இருந்தால் போதும், ஊருக்கே விளங்கிவிடும். கை நனைத்தால் சமாதானம். ஆகவே பேசுவது அவள் பொறுப்பு, குடிக்காமல் இருப்பது என் பொறுப்பு. இவ்வளவு சுலபமான வேலையை வாழ்க்கையில் யாரும் எனக்குத் தந்ததில்லை.

சகலன் சிரித்த முகமாகக் கதவைத் திறந்தான். அந்தப் பெண் தலை குனிந்தபடி தேநீரும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மனைவி கோப்பையைப் பார்க்கவே இல்லை.

"தம்பி, நீர் அவளோட வாழவேண்டாம். ஒரு கையெழுத்து மட்டும் போடும்."

"போடலாம் அக்கா. காணியை வித்துப்போட்டு அவள் இஞ்ச வந்து வாசல்ல நிண்டா?"

"உம்மட வாசலுக்கு வரமாட்டாள். நான் பொறுப்பு."

"பொம்பிளையளின்ர பொறுப்பு!" என்றவன் சட்டென்று என் பக்கம் திரும்பினான். "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. அக்கா தன்ர காணியை விக்கப்போறன் எண்டு நிண்டா, கேள்வியில்லாமக் கையெழுத்து வைப்பியளோ?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது, என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல், என் வலது கை போய்க் கோப்பையை எடுத்தது. ஒரே மிடறில் பாதி போய்விட்டது. போதாக்குறைக்கு, "நல்ல சாயம்" என்று பாராட்டும் சொன்னேன்.

சகலன் கைகொட்டிச் சிரித்தான். "பாத்தியளே அக்கா? அண்ணை கை நனைச்சிட்டார். இனி என்ன கோவம்? ரோல்ஸையும் எடுங்கோ அண்ணை!"

மனைவி எழுந்து கோட்டைப் போட்டாள்.

ரயில் மேடையில் அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பொறுக்க முடியாமல் நானே தொடங்கினேன். "சீனியும் கூடப் போட்டிட்டாள். எனக்குத் தண்டனை கிடைச்சாச்சு."

"அவன் கேட்டதுக்கு நீங்கள் மறுமொழி சொல்லேல்லை."

"எதுக்கு?"

"கையெழுத்து வைப்பியளோ எண்டு. நான் என்ர காணியை விக்கப்போறன். தங்கச்சியை இஞ்ச கூப்பிட வேற வழியில்லை."

"அதுக்கென்ன! இப்பவே வைக்கிறன்" என்றேன். நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. நன்றியாக ஒரு பார்வையை எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"வைப்பியள், தெரியும். எனக்கு நல்ல மனுசன் வாய்ச்சிட்டார், அவளுக்கு வாய்க்கேல்லை. என்ர காணியை விக்க எனக்கு ஏன் அதிர்ஷ்டம் வேணும்?"

ரயில் வந்தது. லூயிஷாம் வரும்வரை எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

ஊரில் இருந்த அவள் பெரியப்பா மூலம் காணியை விற்பதற்கான பத்திரத்தை ஸ்ட்ரெதமில் ஒரு தமிழ் லோயர் எழுதினார். வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "அண்ணை, உங்களுக்குச் சம்மதம்தானே?" என்றார்.

"அவவைக் கேளுங்கோ. அவவின்ர காணி."

"அது சரி அண்ணை. உங்கட சம்மதம்தான் வேணும்."

அவள் சுவரில் மாட்டியிருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து வைத்தேன். லோயர் சந்தோஷமாக, "தேத்தண்ணி குடிப்பமோ?" என்றார். தொண்டை காய்ந்துதான் கிடந்தது. வேண்டாம் என்றேன்.

தங்கையும் மகளும் வந்து சேர்ந்து எங்கள் பிளாட்டின் சின்ன அறையில் இருந்தார்கள். கோயிலில் யாராவது தங்கையின் விற்க முடியாமல் போன காணியைப் பற்றி விசாரித்தால், "என்ர பேரிலதான் இருக்கு" என்பாள் தங்கை, கொஞ்சம் பெருமையாகவே. அதைக் கேட்டால் என் மனைவி செருப்பைத் தேடுவது போலத் தள்ளிப் போய்விடுவாள். நான் பின்னால் போய் ஏதாவது பகிடி விட்டுப் பார்ப்பேன். எல்லாப் பகிடிக்கும் சிரிக்கிறவள் அதற்கு மட்டும் சிரித்ததில்லை.