திருப்பூரிலிருந்து வராத வளையல்

அத்தைக்கு அறுபது சிநேகிதிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. எல்லோரும் அவளுடைய கைபேசிக்குள், ஒரு வாட்ஸப் குழுவில் குடியிருந்தார்கள். கோயம்புத்தூர், ஈரோடு, நாகர்கோவில் என்று ஊருக்கு ஒருவராக, வீட்டிலிருந்தபடியே வளையலும் தோடும் பொம்மையும் செய்கிற பெண்கள். ஒருவரை ஒருவர் 'சிஸ்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பெரியவர் சின்னவர் கணக்கெல்லாம் அங்கே கிடையாது.

அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. நான் நான்காவது படிக்கும்போது புகுந்த வீட்டிலிருந்து இரண்டு பெட்டிகளோடு வந்து, பழங்காநத்தத்தில் எங்களுடன் தங்கிவிட்டாள். ஏன் வந்தாள் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே நுழைந்தால் பேச்சு சட்டென்று வெயிலைப் பற்றி மாறிவிடும். மதுரையில் வெயிலைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்பதால் எனக்குச் சந்தேகமும் வந்ததில்லை.

அப்பாவுக்குக் கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அம்மா துணிக்கடையில் நின்றாள். ஆக, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் அத்தையும் நானும்தான். அது பட்டுநூல் வளையல் பைத்தியம் ஊருக்கே பிடித்திருந்த நேரம். சேலை என்ன நிறமோ அதே நிறத்து நூலைச் சாதாரண வளையலின் மேல் இழை இடைவெளி தெரியாமல் சுற்றி, மேலே கல் ஒட்டிப் போட்டுக்கொள்வார்கள். அத்தை சன்னல் ஓரத்து ஆணியில் நூலை மாட்டிவிட்டு, கீழே உட்கார்ந்து மணிக்கணக்காகச் சுற்றுவாள். என் வேலை, நூலைச் சிக்கில்லாமல் பிரித்துக் கொடுப்பது. சுற்றுவதற்கு மட்டும் விடமாட்டாள்.

"நீ பிரிச்சுக் குடு, போதும். நீ சுத்துனா மாறிப் போகும்" என்பாள்.

நான் கெடுத்துவிடுவேன் என்று பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் பள்ளியில் எனக்கென்று அதிகம் பேர் கிடையாது. அந்த ஆணிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் இரண்டு மணி நேரம்தான் என் நாளிலேயே நான் ஒருவரோடு பேசுகிற நேரம். அத்தைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அப்பாவுக்கு இந்தக் குழு பிடிக்கவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"முகந்தெரியாத ஆளுகளோட அம்புட்டு நேரம் என்னம்மா பேச்சு?"

"முகந்தெரிஞ்சவுக யாருண்ணே எங்கிட்டப் பேசுறாக?" என்றாள் அத்தை.

அப்பா அதற்குப் பிறகு ரசம் கேட்டார்.

அந்தக் குழுவில் வருடத்துக்கு ஒரு முறை ஒரு விளையாட்டு உண்டு. எல்லோர் பெயரையும் சீட்டுப் போட்டு, ஆளுக்கு ஒரு பெயரைக் கொடுத்துவிடுவார்கள். நமக்கு வந்த பெயருக்கு நம் கையால் ஒன்று செய்து, நம் பெயர் போடாமல் கூரியரில் அனுப்ப வேண்டும். வாங்கியவர் படம் எடுத்துக் குழுவில் போடுவார். எல்லோருக்கும் வந்து சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, யார் யாருக்கு அனுப்பினார்கள் என்பதை அனுப்பியவரே சொல்ல வேண்டும். அத்தைக்கு நாகர்கோவில்காரர் ஒருவர் பெயர் வந்திருந்தது. அவருக்காக மயில்கழுத்து நிறத்தில் ஒரு ஜோடி வளையல் செய்தாள். மூன்று தடவை பிரித்து மறுபடி சுற்றினாள். விற்பதற்குச் செய்தபோது ஒரு நாளும் அவள் அப்படிப் பிரித்ததில்லை.

அவள் அனுப்பினாள். அவளுக்கு வரவில்லை.

ஒவ்வொரு நாளும் குழுவில் ஒருவருடைய படம் வரும். துணிப்பை, காகிதத் தோடு, களிமண் பிள்ளையார். அத்தை எல்லாவற்றுக்கும் 'சூப்பர் சிஸ்' போடுவாள். "உங்களுக்கு வந்துருச்சா சிஸ்?" என்று குழுவை நடத்துகிறவர் கேட்டபோது, "வந்துரும் சிஸ், கூரியர் லேட்டு" என்று எழுதினாள். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் சுற்றுவதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பாள். இரண்டு வாரம் போனது. ஒரு நாள் நான் வந்தபோது ஆணியில் நூல் இல்லை. அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இங்கயும் என்னைய விட்டுட்டாக போல" என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது.

மறுநாளும் ஆணி வெறுமையாக இருந்தது. அதற்கு அடுத்த நாளும். பிரித்துக் கொடுக்க நூலும் இல்லை, பேச்சும் இல்லை. எனக்குப் பயம் வந்தது. அத்தை இப்படியே இருந்துவிட்டால் நான் யாரோடு இருப்பேன் என்பதுதான் என் பயம். அவளுக்காக மட்டும் கவலைப்பட்டேன் என்று இப்போது சொன்னால் அது பொய்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். அவளுடைய அப்பா பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர். அத்தையின் நூலை எடுத்தால் மாட்டிக்கொள்வேன் என்று, அவளிடம் என் புது வண்ணப் பென்சில்களைக் கொடுத்து, மாம்பழ மஞ்சளில் மிச்ச நூல் கொஞ்சம் வாங்கினேன். அம்மாவின் பழைய பிளாஸ்டிக் வளையல் ஒன்று கண்ணாடி மேசையில் கிடந்தது. அம்மாவுக்கும் அத்தைக்கும் ஒரே அளவு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நான்கு நாள் சுற்றினேன். பசை அதிகமாகிச் சில இடங்களில் வெள்ளையாகக் காய்ந்துவிட்டது. ஒரு கல் கோணலாக உட்கார்ந்தது. ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்தால் வளையல்தான்.

அத்தைக்கு நூல் வந்திருந்த பழைய கூரியர் உறையைத் திருப்பிப் போட்டு ஒட்டினேன். விலாசம் எழுதும்போதுதான் என் கையெழுத்து அத்தைக்குத் தெரியுமே என்று உறைத்தது. நான் இடக்கைக்காரி. எனவே பேனாவை வலக்கையில் பிடித்துக்கொண்டு எழுதினேன். எழுத்துகள் காய்ச்சல் வந்தவை மாதிரி ஆடின. யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்கு ஒரே பெருமை. துப்பறியும் ஆட்களெல்லாம் என்னிடம் பிச்சை வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அத்தே, கூரியர் அண்ணே வந்து குடுத்துட்டுப் போனாரு."

அத்தை எழுந்து வந்தாள். உறையை முன்னும் பின்னும் பார்த்தாள். "கையெழுத்து வாங்கலயா?"

"நானே போட்டேன்."

பிரித்தாள். வளையலை வெளிச்சத்தில் பிடித்து, விரலை நூல் மேல் ஒரு சுற்று ஓட்டினாள். மறுபடி எதிர்ப்பக்கமாக ஓட்டினாள். பிறகு அதைக் கையில் போட்டுக்கொண்டு, "எம்புட்டு அழகா செஞ்சிருக்காக, பாத்தியா" என்றாள். கண் கலங்கியிருந்தது. சந்தோஷக் கண்ணீர் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

படம் எடுத்துக் குழுவில் போட்டாள். 'சூப்பர் சிஸ்' மளமளவென்று வந்து விழுந்தது. அன்றைக்கே ஆணியில் நூல் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்கத்தான் எனக்கு அடுத்த பயம் பிடித்தது. எல்லோரும் அனுப்பியதைச் சொல்வார்கள். மஞ்சள் வளையலை யார் சொல்வார்? யாருமே சொல்லாவிட்டால் அத்தைக்குத் தெரிந்துவிடுமே. அன்று காலையிலிருந்து அவள் தோளுக்குப் பின்னாலேயே நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார்கள். கடைசியில் மஞ்சள் வளையல் மட்டும் மிச்சம். "மஞ்சள் வளையல் யாரு சிஸ்?" என்று குழுவை நடத்துகிறவர் கேட்டார். பிறகு திருப்பூரிலிருந்து ஒரு பெண் எழுதினாள்:

"அது நான்தான் சிஸ்."

நான்கு நாள் மாடியில் வெயிலில் காய்ந்தது நான். வண்ணப் பென்சிலைப் பறிகொடுத்தது நான். திருப்பூரில் யாரோ ஒருத்தி, முகம்கூடத் தெரியாதவள், கூசாமல் தன்னுடையது என்கிறாள். சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன். சொல்லாவிட்டால் அவள் பேர் வாங்கிப் போவாள். அத்தை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு, "ரொம்ப நன்றி சிஸ். நான் கழட்டவே மாட்டேன்" என்று எழுதினாள்.

அதிலிருந்து இருவருக்கும் பேச்சு பற்றிக்கொண்டது. முதலில் எழுத்து, பிறகு குரல், பிறகு மணிக்கணக்காகப் பேச்சு. அந்தப் பெண்ணும் கணவன் வீட்டை விட்டு வந்தவளாம். அத்தை அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நான் ஆணிக்குக் கீழே உட்கார்ந்து நூலைப் பிரித்துக்கொண்டே இருப்பேன். அத்தை கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொள்வாள். பேச்செல்லாம் திருப்பூருக்கு. அவளுக்குச் சிநேகிதி கிடைத்தாள், எனக்கு இருந்த ஒருத்தியும் போய்விட்டாள். என் வளையலாலேயே போனாள் என்பதுதான் பொறுக்கவில்லை.

ஒரு நாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "அத்தே, அந்தத் திருப்பூரம்மா பொய் சொல்லுது."

"எதுலடி?"

நான் குனிந்து நூலைப் பிரிக்க ஆரம்பித்தேன். அத்தை நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "பொய்யாவே இருக்கட்டும். எங்கூடப் பேசுறது நெசந்தான?"

அடுத்த வருடம் அந்தப் பெண் திருப்பூரில் ஒரு சின்னக் கடை பிடித்து, அத்தையையும் சேர்ந்து நடத்தக் கூப்பிட்டாள். அப்பா குதித்தார். அம்மா அத்தைக்கு ஊறுகாய் கட்டிக் கொடுத்தாள். வழியனுப்ப ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு நானும் போனேன். அதே இரண்டு பெட்டிகள். அத்தை சன்னல் ஓரத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். இடது கையில் மஞ்சள் வளையல். மற்ற வளையல்களையெல்லாம் அவள் வலக்கையில்தான் போடுவாள்.

"இது இந்தக் கைக்குத்தாண்டி" என்று கையை வெளியே நீட்டிக் காட்டினாள்.

திருப்பூர்க்காரி கொடுத்ததைப் பார்த்துப் பொறாமைப்படட்டும் என்று காட்டுகிறாள் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதிரே முறுக்கு விற்பவரைப் பார்த்தபடி நின்றேன். பேருந்து நகர்ந்தபோதும் திரும்பவில்லை.

இப்போது நான் சென்னையில் ஒரு பெண்கள் விடுதியில் இருக்கிறேன். வேலை உண்டு, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்பதுதான் தெரிவதில்லை. போன மாதம் நானும் இப்படி ஒரு குழுவில் சேர்ந்தேன். கட்டிலில் உட்கார்ந்து ஒரு வளையல் சுற்றிப் படம் போட்டேன். இரண்டு நிமிடத்தில், எந்த ஊர் என்றுகூடத் தெரியாத ஒருவர் கேட்டார்:

"நீங்க லெஃப்ட் ஹேண்டா சிஸ்? நூல் சாய்வு மாறி இருக்கே."

வலக்கைக்காரர்கள் சுற்றினால் நூல் ஒரு பக்கம் சாயும். என் கைக்கு எதிர்ப்பக்கம் சாயும். கையால் வளையல் சுற்றிப் பழகியவர்களுக்கு அது பார்த்த மாத்திரத்தில் தெரியும். எழுத்தை மறைக்க வலக்கையைத் தேடிய நான், சுற்றியது எந்தக் கை என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. அத்தை உறையைப் பிரித்த அன்றே கண்டுகொண்டாள். படத்தைப் பார்த்த குழுவிலும் வளையல் சுற்றுகிறவர்களுக்கெல்லாம் அது ஏதோ ஒரு இடக்கைக் குழந்தையின் வேலை என்று தெரிந்திருக்கும். ஒருவரும் மூச்சு விடவில்லை. திருப்பூர்க்காரருக்குத்தான் அத்தையின் பெயர் சீட்டில் வந்து, அனுப்பாமல் விட்டாரா, இல்லை யாரோ ஒருவர் சொல்லியாக வேண்டுமே என்று சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தக் கேள்விக்கு 'ஆமாம் சிஸ்' என்று பதில் போட்டுவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆரப்பாளையத்தில் அத்தை சன்னலுக்கு வெளியே நீட்டியது இடக்கையை, என் கையை. நான் அதற்குக் கையசைக்கவே இல்லை.