போட்டுத் தருவாராம்

ஓசூரில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும்போது பிரசார வேன் ஒன்று மூன்று பாஷையில் கத்திக்கொண்டு போனது. கூட நின்ற தஞ்சாவூர்க்காரர், இதுவரை இந்தத் தொகுதிக்கு யார் யார் எம்.பி.யாக இருந்தார்கள் என்று கேட்டார். அந்த வரலாறு ஒரு பக்கம்கூட வராது. ஓட்டுக் கேட்க வருவார்கள், ஜெயிப்பார்கள், அப்புறம் டெல்லியில் இருப்பதாகக் கேள்வி. ஒருவர் கன்னடம் பேசினார். ஒருவர் பேசிய மேடைத் தமிழ் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கன்னடத்தைவிடக் கஷ்டம். மூன்றாமவர் தெலுங்கு. மூவருக்கும் மொழிபெயர்ப்பாளர் என் அப்பா.

அப்பா சின்ன வயதில் கர்நாடக எல்லையில் இருக்கும் ஜூஜுவாடியில் லாரிகளுக்கு லோடு ஏற்றியவர். பாஷைகள் அங்கே ஒட்டிக்கொண்டவை. அஞ்செட்டிக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் ஊருக்கு, காய்ந்த நாளில் மட்டும் ஜீப் ஏறும் மண்பாதைதான். வேட்பாளர் வந்தால் அப்பாவைப் பக்கத்தில் நிறுத்துவார்கள். அதில் அவருக்குப் பெருமை உண்டு. துவைத்த சட்டை போட்டுக்கொள்வார். கூட்டாமல் குறைக்காமல் சொல்வார். வேட்பாளர் 'நான்' என்றால் இவரும் 'நான்'. "மழைக்கு முன்ன நான் ரோடு போட்டுத் தர்றேன்" என்று தெலுங்குக்காரருக்காக நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். ஊரார் காதில் விழுந்தது அப்பாவின் குரல்தான்.

அந்த வருடம் அக்கா கர்ப்பமாக இருந்தாள். மழைக்கு முன் அவளை அஞ்செட்டியில் ஆஸ்பத்திரி பக்கம் ஒரு ரூம் எடுத்து வைத்துக்கொள்ள அவள் கணவர் நினைத்தார். பாதையோரம் ஜல்லி கொட்டியிருந்தார்கள். ரோடுதான் வரப்போகிறதே, எதற்கு வீண் அலைச்சல் என்று அப்பா தடுத்துவிட்டார். அப்பாவே சொல்லிவிட்டார் என்று அக்காவும் தங்கிவிட்டாள்.

ஜல்லி அப்படியே கிடந்தது. மழை பிடித்த ஒரு காலையில் வலி எடுத்தது. கம்பளியை மூங்கிலில் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பஸ் ரோட்டுக்கு வருவதற்குள் அவள் போய்விட்டாள். வயிற்றில் இருந்ததும் போய்விட்டது.

காரியம் முடிந்த அன்று அக்காவின் கணவர் சண்டை போடவில்லை. அப்பாவிடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"ரோடு போட்டுத் தர்றேன்னு நீங்கதான மாமா சொன்னீங்க?"

அது வேட்பாளர் சொன்னது என்று அப்பா விளக்கியிருக்கலாம். ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அடுத்த தேர்தலுக்கு வேறொருவர் வந்தார், அவரும் தெலுங்கு. அப்பா அந்தப் பக்கமே போகமாட்டார் என்று நினைத்தேன். போனார், காட்டு வேலைக்குப் போட்டிருந்த அழுக்குச் சட்டையோடு. வேட்பாளர் வரிசையாக அடுக்கினார். அப்பா ஊரைப் பார்த்துச் சொன்னார்.

"ரோடு போட்டுத் தருவாராம். பஸ் விடுவாராம். ஆஸ்பத்திரி கட்டுவாராம்."

வேட்பாளருக்கு அரைகுறைத் தமிழ் தெரிந்திருக்கிறது. முகம் சுருங்கியது. கடைசியில் ஒட்டுகிற அந்த 'ஆம்' எதற்கு, நான் சொல்கிற மாதிரியே சொல்லுங்கள் என்றார்.

அப்பா அவருக்குத் தெலுங்கில் பதில் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி தமிழிலேயே சொன்னார்.

"போன தடவ அப்படித்தாங்க சொன்னேன். எம் பொண்ணு நம்பிட்டா."